நாடு உருவானதில் கிறிஸ்தவத்துக்கு என்ன பங்கு? தோட்டப்புற நகரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில் இந்தப் பேச்சு இரண்டு பக்கமும் தவறாகவே ஓடுகிறது. ‘இந்த நாட்டில் நமக்கு ஒன்றுமில்லை’ என்பார் ஒருவர். ‘வெள்ளைக்காரன் எழுதிய சட்டம், அதனால் அது கிறிஸ்தவச் சட்டம்தான்’ என்பார் இன்னொருவர். சட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது, எந்த வேலைக்கு எந்த அலுவலகம் போக வேண்டும் என்பதைத்தான் கீழே பார்க்கிறோம். பதில்கள் தீபகற்ப மலேசியாவுக்குப் பொருந்துபவை. சபா, சரவாக் வேறுபடும் இடங்களில் தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

ஆங்கிலேயர் ஆட்சி கிறிஸ்தவ ஆட்சிதானே? அப்படியானால் நாடும் கிறிஸ்தவ அடித்தளத்தில் எழுந்ததுதானே?

இல்லை. மதமும் ஆட்சியும் ஒன்றாகக் கைகோத்து வந்தது போர்த்துகீசியர் காலத்து மலாக்காவில் மட்டும்தான். 1511-இல் நகரைப் பிடித்தார்கள், 1521-இல் குன்றின் மேல் சிற்றாலயம் கட்டினார்கள், 1545-இல் பிரான்சிஸ் சவேரியார் வந்து சேர்ந்தார். 1641-இல் புராட்டஸ்டண்டுப் பிரிவினரான டச்சுக்காரர்கள் மலாக்காவைப் பிடித்ததும் கத்தோலிக்கர்களுக்கு நெருக்கடி வந்தது. அவர்கள் மறுபடி மூச்சுவிட்டுச் செயின்ட் பீட்டர் ஆலயத்தை எழுப்பியது 1710-இல். ஒரு மதத்துக்கு அரசாங்கப் பலம் கிடைத்தால் முதலில் அடிபடுவது அதே மதத்தின் இன்னொரு பிரிவாக இருக்கலாம் என்பதற்கு மலாக்காவே சாட்சி.

ஆங்கிலேயர் வழி வேறு. 1874 பங்கோர் ஒப்பந்தப்படி பேராக் சுல்தான் எல்லா விஷயங்களிலும் ரெசிடெண்ட் எனப்பட்ட ஆங்கிலேய ஆலோசகரின் ஆலோசனையைக் கேட்டு நடக்க வேண்டும், மலாய்க்காரர்களின் மதமும் வழக்கமும் மட்டும் விலக்கு. இந்த விலக்குதான் பிற்பாடு மற்ற மாநிலங்களுக்கும் அச்சாக அமைந்தது. சுல்தான்கள் தத்தம் மாநிலத்தில் இஸ்லாத்தின் தலைவர்களாக இன்றும் இருப்பதன் வேர் அங்கேதான் இருக்கிறது. காலனி அரசு மிஷன் பள்ளிகளுக்கு மானியம் கொடுத்தது உண்மை. அது பள்ளி நடத்துவதற்குக் கொடுத்த பணம்.

அப்படியானால் மிஷனரிகளுக்குப் பங்கே இல்லையா?

ஆட்சி அமைப்பதில் இல்லை, ஆட்சி செய்யப்போகிறவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்ததில் நிறைய உண்டு. பினாங்கு ஃப்ரீ ஸ்கூலை 1816-இல் தொடங்கியவர் ஆங்கிலிகன் பாதிரியார் ஹட்சிங்ஸ். 1852-இல் லசால் சகோதரர்களும் கான்வென்ட் கன்னியர்களும் பினாங்குக்கு வந்தார்கள். ஈப்போ ஆங்கிலோ-சைனீஸ் பள்ளி 1895-இல் மெதடிஸ்டுகள் தொடங்கியது. சுதந்திரத்துக்கு முந்திய தலைமுறையின் வழக்கறிஞர்கள், டாக்டர்கள், அரசாங்க குமாஸ்தாக்கள் என்று எடுத்துக்கொண்டால், எந்த மதத்தவராயினும் பெரும்பகுதியினர் இப்படிப்பட்ட பள்ளிகளைத் தாண்டி வந்தவர்கள்தாம்.

தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியின் கதை தனி. 1923 தொழிலாளர் சட்டத்தொகுப்பு, 7 வயது முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் தோட்டமே பள்ளி வைத்துத் தர வேண்டும் என்றது. ஆகவே லயத்துக்குப் பக்கத்திலிருந்த பலகைப் பள்ளிகள் பெரும்பாலும் இந்தத் தொழிலாளர் சட்டத்தால் வந்தவை. ஈப்போ செயின்ட் பிலோமினா கான்வென்ட் தமிழ்ப்பள்ளி போல மிஷன் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளிகளும் உண்டு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்ப வேண்டாம்.

தமிழ்க் கிறிஸ்தவர் யாராவது அரசியலில் முன்னோடியாக இருந்தாரா என்றும் கேட்பார்கள். 1946-இல் மலாயா இந்தியர் காங்கிரஸ் (மஇகா) தோன்றியபோது அதன் முதல் தலைவராக இருந்த ஜான் அலோசியஸ் திவி கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். அவர் கட்சி நடத்தியது இந்தியர் என்ற பெயரில்.

அரசியலமைப்புச் சட்டத்தை எழுதியவர்கள் யார்? அதில் இஸ்லாம் எப்படி வந்தது?

பாதிப் பேருக்குத் தெரியாத கதை இதுதான். 1956-இல் அமைந்த ரீட் ஆணையத்தில் ஐந்து பேர்: பிரிட்டனின் ரீட் பிரபு, ஐவர் ஜென்னிங்ஸ், ஆஸ்திரேலியாவின் வில்லியம் மெக்கெல், இந்தியாவின் நீதிபதி மாலிக், பாகிஸ்தானின் நீதிபதி அப்துல் ஹமீது. மலாயாக்காரர் ஒருவரும் கிடையாது.

அம்னோ, மசீச, மஇகா சேர்ந்த கூட்டணி ஆணையத்திடம் ஒரு மனு கொடுத்தது. நாட்டின் மதம் இஸ்லாமாக இருக்க வேண்டும், ஆனால் மற்ற மதத்தவருக்கு அதனால் எந்தக் குறையும் வரக்கூடாது, அரசு மதச்சார்பற்றது அல்ல என்று அதற்குப் பொருளும் கொள்ளக்கூடாது என்பது கோரிக்கை. அப்போது மஇகாவின் தலைவர் சுங்கை சிப்புட்டின் வீ.தி.சம்பந்தன். ஆக இந்த வாசகத்தின் பின்னால் நம் ஊர்க்காரர் ஒருவரின் கட்சியும் இருந்தது. வேடிக்கை என்னவென்றால், அப்படி ஒரு வாசகம் வேண்டாம் என்றது சுல்தான்களின் தரப்பு. மாநிலத்தில் மதத் தலைவர்களாகத் தங்களுக்கு உள்ள நிலை பாதிக்கப்படுமோ என்ற தயக்கம்.

ஆணையத்தின் பெரும்பான்மையினர் வாசகத்தைச் சேர்க்கவில்லை. நீதிபதி அப்துல் ஹமீது மட்டும் மாற்றுக் கருத்து எழுதினார்: சேர்த்தால் ஒன்றும் கெட்டுவிடாது, உலகில் பல நாடுகளில் இப்படி இருக்கிறது. அவர் காட்டிய உதாரணங்களில் அயர்லாந்து, நார்வே, டென்மார்க், ஸ்பெயின், அர்ஜென்டினா எல்லாம் இருந்தன. அதாவது கிறிஸ்தவத்துக்குத் தனியிடம் கொடுத்த அரசியலமைப்புகள் முன்மாதிரியாகக் காட்டப்பட்டு, இங்கே இஸ்லாத்துக்கான வாசகத்துக்கு வழி பிறந்தது. நம் நாட்டு அரசியலமைப்பில் கிறிஸ்தவத்தின் பங்கு எது என்று யாராவது விடாமல் கேட்டால், இதைச் சொல்லலாம்.

1957-இல் பிரிட்டிஷ் அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை வாசகத்தை ஏற்றது. நாடு மதச்சார்பற்ற நாடாக இருக்கும் நிலை இதனால் எவ்விதத்திலும் மாறாது என்றும் அதிலேயே எழுதியது.

3ஆவது பிரிவும் 11ஆவது பிரிவும் சரியாக என்ன சொல்கின்றன?

3(1): இஸ்லாம் கூட்டரசின் மதம், ஆனால் மற்ற மதங்களைக் கூட்டரசின் எப்பகுதியிலும் அமைதியோடும் நல்லிணக்கத்தோடும் பின்பற்றலாம். பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். 3(4)-ஐயும் படிக்க வேண்டும்: இந்தப் பிரிவில் உள்ள எதுவும் அரசியலமைப்பின் வேறு எந்தப் பிரிவையும் குறைக்காது.

11(1): ஒவ்வொருவரும் தம் மதத்தை ஏற்கவும் பின்பற்றவும், 11(4)-க்கு உட்பட்டுப் பரப்பவும் உரிமை உடையவர். 11(2): வேறொரு மதத்துக்கென்று தனியாக ஒதுக்கப்படும் வரியைக் கட்டும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. 11(3): ஒவ்வொரு மதக் குழுவும் தன் காரியத்தைத் தானே நடத்தலாம், சமய, அறநிலையங்கள் வைக்கலாம், சொத்து வாங்கி வைத்துக்கொள்ளலாம். 11(4): முஸ்லிம்களிடையே எந்த மதக் கொள்கையையும் பரப்புவதை மாநிலச் சட்டம் கட்டுப்படுத்தலாம். 11(5): பொது ஒழுங்கு, சுகாதாரம், ஒழுக்கம் ஆகியவற்றுக்கு எதிரான செயலுக்கு மதத்தைக் காரணம் காட்ட முடியாது.

11(4)-இன் கீழ்ப் பல மாநிலங்கள் சட்டம் போட்டிருக்கின்றன. சிலாங்கூர் சட்டம் 1988-ஐச் சேர்ந்தது. நடைமுறையில் என்ன பொருள்? தீபாவளிக்கோ கிறிஸ்துமசுக்கோ பக்கத்து வீட்டு முஸ்லிம் நண்பரை விருந்துக்கு அழைப்பதில் குற்றமில்லை. அவர் கையில் சமயத் துண்டுப்பிரசுரம் கொடுப்பது, ஜெபக் கூட்டத்துக்கு இழுப்பது, குறிப்பாகப் பிள்ளைகளிடம் சமயம் பேசுவது ஆபத்து. அந்தச் சட்டங்களில் தண்டனை உண்டு. டியூஷன் வகுப்பு, இலவச உணவு போன்ற சேவை நடத்தும் சபைகள் சிக்கிக்கொள்வது இங்கேதான். வருபவர்கள் எல்லாரும் தமிழர்கள் என்று நினைத்து ஆரம்பத்தில் ஒரு பாட்டு, ஒரு ஜெபம் வைப்பார்கள். தாமானில் இருந்து ஒரு மலாய்ப் பிள்ளையும் வந்திருக்கும். சேவையையும் ஆராதனையையும் வேறு வேறு நேரத்தில், முடிந்தால் வேறு வேறு இடத்தில் வைப்பது ஒன்றே வழி.

மலேசியா இஸ்லாமிய நாடா, மதச்சார்பற்ற நாடா?

அரசியலமைப்பில் இரண்டு சொல்லும் இல்லை. 1988-இல் சே ஒமார் வழக்கில் அன்றைய தலைமை நீதிபதி சாலே அபாஸ், 3ஆவது பிரிவில் சொல்லப்படும் இஸ்லாம் சடங்குகள், விழாக்கள் சார்ந்தது என்றார். 2001 செப்டம்பரில் மகாதீர் இது இஸ்லாமிய நாடு என்று அறிவித்தார். பிரதமரின் அறிவிப்பு சட்டத் திருத்தம் ஆகாது. அதே 1988-இல் நுழைந்த 121(1ஏ) பிரிவுதான் நடைமுறையில் கனமானது: ஷரியா நீதிமன்ற அதிகாரத்துக்குள் வரும் விஷயத்தில் சிவில் உயர்நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை. இந்தப் பெயர்ச் சண்டையில் நேரம் கழிப்பதைவிட, 121(1ஏ) எங்கே தொடுகிறது என்று தெரிந்துகொள்வது குடும்பத்துக்குப் பயன்படும். 2007-இல் லீனா ஜாய் வழக்கில், இஸ்லாத்தைவிட்டு வெளியேறியதை அடையாள அட்டையில் பதிவதற்கு முன் ஷரியா தரப்பின் உறுதி வேண்டும் என்று கூட்டரசு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்று தீர்ப்பளித்தது. 2018 ஜனவரி 29-இல் ஈப்போ இந்திரா காந்தி வழக்கில் அதே நீதிமன்றம், பெற்றோர் இருவரும் சம்மதிக்காமல் பிள்ளைகளை மதம் மாற்றியது செல்லாது என்றது. இரண்டாவது தீர்ப்பு இந்துக் குடும்பத்துக்குக் கிடைத்தது என்றாலும் கிறிஸ்தவப் பெற்றோருக்கும் அதே கேடயம்தான்.

சபா, சரவாக்கில் நிலைமை வேறு என்கிறார்களே?

வேறுதான். 1963-இல் மலேசியா அமைவதற்கு முன் வட போர்னியோ வைத்த 20 அம்சக் கோரிக்கையில் முதல் அம்சமே மதம்: மலேசியாவின் மதம் இஸ்லாமாக இருப்பதற்கு ஆட்சேபமில்லை, ஆனால் வட போர்னியோவுக்கு மாநில மதம் கூடாது. கெனிங்காவில் 1964-இல் திறந்த சத்தியக் கல்லிலும் சபாவில் மதச் சுதந்திரம் என்று செதுக்கியிருக்கிறது. 1973-இல் சபா தன் மாநில அரசியலமைப்பைத் திருத்தி இஸ்லாத்தை மாநில மதமாக்கியது. சரவாக்கில் இன்றுவரை மாநில மதம் இல்லை. 2020 கணக்கெடுப்பில் நாடு முழுதும் கிறிஸ்தவர் 9.1 விழுக்காடு, சரவாக்கில் ஏறக்குறையப் பாதி. புனித வெள்ளி அந்த இரண்டு மாநிலங்களில் மட்டும் பொது விடுமுறை.

கடவுளைக் குறிக்கக் கிறிஸ்தவர்கள் ‘அல்லா’ என்ற சொல்லைப் பயன்படுத்தலாமா என்ற வழக்கைப் பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். ‘ஹெரால்டு’ கத்தோலிக்க வார இதழ் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2013-இல் அந்தச் சொல்லுக்கான தடையை உறுதிசெய்தது, 2014-இல் கூட்டரசு நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்று மேல்முறையீட்டுக்கு அனுமதி மறுத்தது. ஆனால் சரவாக்கைச் சேர்ந்த ஜில் அயர்லாந்து தம் சொந்தப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்த, அந்தச் சொல் இருந்த குறுந்தட்டுகள் தொடர்பான வழக்கில் 2021-இல் உயர்நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அரசு 2023-இல் மேல்முறையீட்டை மீட்டுக்கொண்டது. தமிழ் ஆராதனையை இந்தப் பிரச்சினை நேரடியாகத் தொடுவதில்லை. மலாய் பைபிளை வைத்திருப்பவர்கள், 2011 அரசாங்க முடிவின்படி தீபகற்பத்தில் அதன் அட்டையில் சிலுவைக் குறியும் ‘கிறிஸ்தவ வெளியீடு’ என்ற முத்திரையும் இருக்க வேண்டும் என்பதை நினைவில் வைத்தால் போதும்.

கிறிஸ்தவர் பிரதமராகலாமா? மந்திரி புசார்?

கூட்டரசு அரசியலமைப்பின் 43ஆவது பிரிவு பிரதமருக்கு மதத் தகுதி எதையும் சொல்லவில்லை. மக்களவை உறுப்பினராக இருக்க வேண்டும், பெரும்பான்மை ஆதரவு உள்ளவர் என்று பேரரசர் கருத வேண்டும், குடியுரிமை மனு செய்து பெற்றவராக இருக்கக்கூடாது. நடைமுறை அரசியல் வேறு என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மாநில அரசின் தலைவரான மந்திரி புசார் விஷயம் மாநில அரசியலமைப்பில் இருக்கிறது. பேராக்கில் அவர் மலாய்க்காரராகவும் முஸ்லிமாகவும் இருக்க வேண்டும், சுல்தான் விரும்பினால் விலக்களிக்கலாம். 2008 தேர்தலில் பேராக்கில் வென்ற எதிர்க்கட்சிக் கூட்டணியில் ஜசெக 18 இடம், பிகேஆர் 7, பாஸ் 6 பெற்றும் மந்திரி புசாரானவர் பாஸ் கட்சியின் நிசார் ஜமாலுடின். காரணம் இந்த விதிதான். சபாவில் கத்தோலிக்கரான ஜோசப் பைரின் கிட்டிங்கான் 1985 முதல் 1994 வரை முதலமைச்சராக இருந்தார். கடசான் கிறிஸ்தவரான ரிச்சர்ட் மலன்ஜும் 2018-இல் நாட்டின் தலைமை நீதிபதியானார்.

அமெரிக்கா கிறிஸ்தவ நாடு, அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாமே என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?

வரும், குறிப்பாகத் தேர்தல் சமயத்தில். 1776 சுதந்திரப் பிரகடனத்தில் படைத்தவரைப் பற்றிய குறிப்பு உண்டு. ஆனால் 1787-இல் எழுதிய அரசியலமைப்பில் கிறிஸ்து, பைபிள் எதுவும் வராது. 6ஆவது பிரிவு அரசாங்கப் பதவிக்கு மதச் சோதனை கூடாது என்கிறது. 1791-இல் வந்த முதல் திருத்தம் மதத்தை நிறுவும் சட்டம் எதையும் நாடாளுமன்றம் இயற்றக்கூடாது என்கிறது. 1797-இல் செனட் ஏற்ற திரிப்போலி உடன்படிக்கை, அமெரிக்க அரசு கிறிஸ்தவ மதத்தின் மேல் நிறுவப்பட்டதல்ல என்று நேராகவே சொல்கிறது. முழக்கத்திலும் கொடி உறுதிமொழியிலும் கடவுள் பெயர் இருக்கிறதே என்றால், உறுதிமொழியில் 1954-இல் சேர்த்தார்கள். நாட்டின் அதிகாரபூர்வ முழக்கமானது 1956-இல். சோவியத்துடன் பனிப்போர் நடந்த காலம் அது.

மறுபக்கமும் உண்மை உண்டு. முதல் திருத்தம் மத்திய அரசை மட்டும்தான் கட்டியது. மாசசூசெட்ஸ் மாநிலம் 1833 வரை தன் திருச்சபைக்கு வரிப்பணம் வாங்கிக் கொடுத்தது. ஆகவே ‘முழுக்க மதச்சார்பற்ற தொடக்கம்’ என்பதும் பாதி உண்மைதான்.

கிறிஸ்தவ நாடு என்று சட்டத்திலேயே எழுதிக்கொண்டவை வேண்டுமானால் ஜாம்பியா (1996 முகவுரை), சமோவா (2017 திருத்தம்) போன்றவற்றைப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் மன்னரே ஆங்கிலிகன் திருச்சபையின் ஆளுநர், பிரபுக்கள் சபையில் 26 ஆயர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

மதம் மாறினால் இந்தியர் சலுகை போய்விடுமா?

இந்தியாவில் இருந்து வந்த பயம் இது. அங்கே 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி அட்டவணைச் சாதித் தகுதி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவருக்கு மட்டும். கிறிஸ்தவராக மாறினால் அது போகும். இங்கே அப்படிச் சாதி அடிப்படையிலான சட்டத் தகுதியே கிடையாது. இனம் இந்தியர் என்பது மதத்தால் மாறாது. மலாய்க்காரருக்கு மட்டும்தான் அரசியலமைப்பின் 160ஆவது பிரிவு மதத்தை இன வரையறையில் கட்டுகிறது.

மைகார்டின் முகப்பில் முஸ்லிம்களுக்கு மட்டும் மதம் அச்சாகும். தேசிய பதிவிலாகாவில் உள்ள பதிவை இந்து என்பதிலிருந்து கிறிஸ்தவர் என்று மாற்ற விரும்பினால், திருமுழுக்குச் சான்றிதழும் சத்தியப் பிரமாணமும் எடுத்துக்கொண்டு போகவும். மாற்றாவிட்டால் ஆராதனைக்குப் போக ஒரு தடையும் இல்லை. 18 வயதுக்குட்பட்டவர் என்றால் அரசியலமைப்பின் 12(4) பிரிவின்படி பெற்றோரே முடிவு செய்வார்கள். சபை அவர்களைக் கேட்காமல் ஞானஸ்நானம் கொடுக்கக்கூடாது.

கோயிலில் கட்டிய தாலி சட்டப்படி கல்யாணம் ஆகுமா?

1976 திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்பின் பதிவுதான் கல்யாணம். சிற்றாலயமானாலும் மாரியம்மன் கோயிலானாலும் சடங்கு மட்டும் போதாது.

முதலில் உங்கள் பாதிரியாரோ போதகரோ துணைப் பதிவதிகாரியாக நியமனம் பெற்றவரா என்று கேளுங்கள். பிறகு இருவரும் தேசிய பதிவிலாகாவில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அதற்குமுன் அந்த வட்டாரத்தில் 7 நாளாவது குடியிருந்திருக்க வேண்டும். அறிவிப்பு 21 நாள் ஒட்டப்பட்டிருக்கும், 6 மாதத்துக்குள் கல்யாணம் நடக்க வேண்டும், தாண்டினால் மறுபடி முதலிலிருந்து. 21 வயதுக்குட்பட்டவருக்குத் தந்தையின் எழுத்துச் சம்மதம் வேண்டும். அன்று பதிவதிகாரியைத் தவிர இரண்டு சாட்சிகள்.

கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரே இடத்தில்: வெளிநாட்டிலிருந்தோ வேறு சபையிலிருந்தோ வந்த போதகர் நடத்திவைப்பார், அவருக்கு நியமனம் இருக்காது. ஐந்தாறு வருஷம் யாருக்கும் தெரியாது. பிள்ளை பிறந்ததும் தெரியும். மணவாழ்வுக்கு வெளியே பிறந்ததாகவே பதிவாகும். தாய் வெளிநாட்டவராக இருந்தால் பிள்ளையின் குடியுரிமையே கேள்விக்குறி ஆகிவிடும், தகப்பன் மலேசியராக இருந்தாலும். விருந்துக்கு மண்டபம் பிடிக்கும் முன் பதிவை முடியுங்கள்.

தோட்டத்துச் சிற்றாலயம் 60 வருஷமாக இருக்கிறது. தோட்டம் விற்றால் என்ன ஆகும்?

தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கும் இதே பதில்தான். அரசியலமைப்பின் 11(3) சொத்து வைத்துக்கொள்ளும் உரிமையைத் தருகிறது, சொத்தைத் தருவதில்லை. எத்தனை வருஷம் கும்பிட்டாலும் நிலம் உங்களுடையதாகாது. தேசிய நிலச் சட்டத்தின் 341ஆவது பிரிவு, நீண்டகால அனுபோகத்தால் பட்டாக்காரரின் உரிமை அழியாது என்கிறது. ‘பழைய துரை வாயால் கொடுத்தார்’ என்பது நீதிமன்றத்தில் நிற்காது.

செய்ய வேண்டியது, தோட்டம் கைமாறுவதற்கு முன்:

நில அலுவலகத்தில் பட்டாத் தேடல் எடுங்கள். லாட் எண், உரிமையாளர் பெயர், நிலத்தின் வகை, கட்டுப்பாடு எல்லாம் அதில் வரும். வகை பெரும்பாலும் விவசாயம் என்றிருக்கும்.

நிறுவனத்திடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள், எவ்வளவு நிலம் என்று அளவோடு. மேனேஜர் கையெழுத்து போதாது. நிறுவன இயக்குநர் குழுவின் தீர்மானம் வேண்டும்.

பிறகுதான் உண்மையான சிக்கல். விவசாய நிலத்தை 0.4 ஹெக்டருக்குக் குறைவாகப் பிரிக்க முடியாது, ஏறக்குறைய 1 ஏக்கர். கால் ஏக்கர் சிற்றாலயம் அந்த வகையில் தனிப்பட்டா பெறாது. எனவே தேசிய நிலச் சட்டத்தின் 124ஆவது பிரிவின் கீழ் நில வகையையும் நிபந்தனையையும் மாற்றச் சேர்த்து விண்ணப்பிக்க வேண்டும். அதற்குமேல் 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலம் என்றால், கைமாற்றத்துக்கு 214ஏ பிரிவின்படி தோட்ட நில வாரியத்தின் அனுமதி. கட்டடத்துக்கு ஊராட்சி மன்றத்தின் திட்ட அனுமதி தனி. மனுக்கள் ஆண்டுக்கணக்கில் கிடப்பது, இந்த வரிசையில் ஒன்றை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போவதால்தான்.

பட்டா யார் பெயரில்? பதிவில்லாத சபை நிலம் வைத்துக்கொள்ள முடியாது. கத்தோலிக்கக் கோயில் என்றால் 1957 சட்டத்தால் சட்ட ஆளுமை பெற்ற ஆயரின் பெயரில் போகும். தனிச் சபைகள் 1966 சங்கச் சட்டத்தின்படி பதிவு பெற வேண்டும், குறைந்தது 7 உறுப்பினர். போதகரின் சொந்தப் பெயரில் மட்டும் எழுதாதீர்கள். அவர் கண்மூடிய மறுநாள் அது அவர் பிள்ளைகளின் சொத்து.

அரசியல்வாதியிடம் போவதானால் மாநில ஆட்சிக்குழு உறுப்பினரிடமும் நில அலுவலகத்திடமும் போங்கள். நிலம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. நாடாளுமன்ற உறுப்பினர் கடிதம் எழுதித் தரலாம், பட்டா தர முடியாது. கட்டடச் செலவுக்கு மானியம் கேட்க வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சின் முஸ்லிம் அல்லாதார் வழிபாட்டுத் தலங்களுக்கான ஒதுக்கீடு உண்டு. பதிவும் நில ஆவணமும் இல்லாமல் அங்கே போவது வீண் அலைச்சல்.

பள்ளியில் பைபிள் வகுப்பு வைக்கலாமா?

1996 கல்விச் சட்டத்தின் 51ஆவது பிரிவு, உதவி பெறும் பள்ளியின் நிர்வாக வாரியம் இஸ்லாம் அல்லாத சமயத்தையும் போதிக்கலாம் என்கிறது. இரண்டு நிபந்தனை: நாடாளுமன்றம் ஒதுக்கும் பணத்தில் ஒரு சென்னும் அதற்குப் போகக்கூடாது, வேறு மதப் பிள்ளை பெற்றோரின் எழுத்துச் சம்மதமின்றி உட்காரக்கூடாது. மிஷன் பெயர் தாங்கிய பள்ளியிலும் இதே விதிதான். எஸ்பிஎம்மில் பைபிள் பாடம் எடுக்கலாம்.

கிறிஸ்துமசுக்குத் தோட்டம் லீவு கொடுக்க வேண்டுமா?

நாட்டின் பொது விடுமுறைதான், ஆனால் தனியார் தோட்டத்தில் கட்டாயமில்லை. 1955 வேலைவாய்ப்புச் சட்டத்தின் 60டி பிரிவு ஆண்டுக்கு 11 சம்பள விடுமுறை தரச் சொல்கிறது. அதில் 5 மாற்ற முடியாதவை: தேசிய தினம், பேரரசர் பிறந்தநாள், சுல்தான் அல்லது ஆளுநர் பிறந்தநாள், தொழிலாளர் தினம், மலேசியா தினம். மீதி 6-ஐ முதலாளி தேர்ந்தெடுத்து, ஆண்டு பிறக்கும் முன் வேலையிடத்தில் ஒட்ட வேண்டும். அந்தப் பட்டியலில் கிறிஸ்துமஸ் இருக்கிறதா என்று டிசம்பர் 24-இல் பார்த்துப் பயனில்லை. முந்திய ஆண்டின் நவம்பரிலேயே ஆபீஸில் கேளுங்கள். இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் வேறு நாளோடு மாற்றிக்கொள்ளலாம். பட்டியலில் இருந்தும் வேலைக்குக் கூப்பிட்டால், விடுமுறைச் சம்பளத்துக்கு மேல் இரண்டு நாள் சம்பளம் தர வேண்டும்.

கெடா, கிளந்தான், திரெங்கானுவில் வார விடுமுறை வெள்ளி, சனி. கூலிம், சுங்கை பட்டாணி பக்கம் வேலை மாறிப் போகிறவர்கள் ஞாயிறு ஆராதனை நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளவும். பல சபைகள் அங்கே வெள்ளிக்கிழமை காலையிலேயே கூடுகின்றன.